கப்பலூர் யூனிட், டூ-கே பெயிண்ட் பூத்: கேம்ப் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

கப்பலூர்_சேஃப்டி:

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் ரப்பர்–மெட்டல் பாகங்கள் செய்யும் யூனிட். மிக்ஸிங் மில், மோல்டிங் பிரஸ், பிளாஸ்டிங் (துகளைக் காற்றோடு அடித்து உலோகத்தைச் சுத்தம் செய்வது), பசை பூசும் மேஜை, கடைசியில் டூ-கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட்) அடிக்கும் பெயிண்ட் பூத். மொத்தம் 64 பேர். பெயிண்டில் 6 பேர், ஆறு பேரும் காண்ட்ராக்ட்.

வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் வேன் வரும். காலை 9 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்குள் எக்ஸ்-ரே, ரத்தம், காது, ஊதுற டெஸ்ட் (ஸ்பைரோமெட்ரி) எல்லாம் முடித்துக் கிளம்பிவிடுவார்கள். இந்தத் தடவை 23 பேருக்கு ‘மைல்டு ரெஸ்ட்ரிக்‌ஷன்’ (நுரையீரல் கொள்ளளவு லேசாகக் குறைவு) என்று வந்திருக்கிறது. அதில் பாதிப் பேர் பேக்கிங்கிலும் ஸ்டோரிலும் இருப்பவர்கள், கெமிக்கல் பக்கமே வராதவர்கள். ஆனால் பெயிண்டர் இரண்டு பேர் ராத்திரி இருமலில் தூக்கமே இல்லை என்கிறார்கள். அவர்கள் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’.

எதை நம்புவது? சொந்தமாக மெஷின் வாங்கினால் தீருமா? இருமுகிற இரண்டு பேரை என்ன செய்வது? ஓனரிடம் எடுத்துச் சொல்கிற மாதிரி விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

ஸ்பைரோ_டெக்:

முதலில் கணக்கைப் பாருங்கள் சார். ஒரு மெஷின், 4 மணி நேரம், 64 பேர். ஆளுக்கு 4 நிமிஷம்கூட வரவில்லை. செருப்பைக் கழற்றி உயரம் அளந்து, எப்படி ஊதணும் என்று செய்து காட்டி, தேறுகிற மாதிரி மூன்று ஊதல் எடுக்க 10 முதல் 15 நிமிஷம் ஆகும். அந்த 23 பேரில் பெரும்பாலோருக்கு நுரையீரலில் ஒன்றும் இருக்காது. பாதியில் ஊதுவதை நிறுத்தியிருப்பார்கள்.

எப்படி என்றால்: முதல் நொடியில் வெளிவருவது எஃப்இவி1, மொத்தமாக வெளிவருவது எஃப்விசி. இரண்டு நொடியில் ஊதுவதை நிறுத்தினால் எஃப்இவி1 சரியாகவே பதிவாகும், எஃப்விசி மட்டும் குறையும். எஃப்விசியில் எஃப்இவி1 எத்தனை பங்கு என்ற விகிதம் நன்றாக இருந்து எஃப்விசி குறைந்தால் மெஷின் உடனே ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று அச்சடித்துவிடும். ஸ்டோரில் இருப்பவருக்கும் அதே முடிவு வந்ததற்கு இதுதான் முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகம், மெஷினில் இருக்கும் ஒப்பீட்டு அளவு. வெள்ளைக்காரர்களுக்கான சமன்பாட்டிலேயே விட்டுவைத்தால் நம் ஆட்களில் நல்ல ஆரோக்கியமானவர்களும் குறைவாகத்தான் தெரிவார்கள். எந்தச் சமன்பாடு போட்டார்கள் என்று ரிப்போர்ட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அது என்னவாக இருந்தாலும் வருஷா வருஷம் மாற்றக் கூடாது.

கேம்ப்காரர்களிடம் முடிவுத் தாள் மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் உள்ள இரண்டு வரைபடமும் (நேரம்–அளவு, அளவு–வேகம்) வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். வரைபடத்தில் பார்க்க வேண்டியது: ஆரம்பம் ஒரே வீச்சாக ஏறணும், முதல் நொடிக்குள் இருமல் இருக்கக் கூடாது, கடைசி ஒரு நொடியில் அளவு 25 மில்லிக்கு மேல் கூடாமல் கோடு படுத்துவிட வேண்டும், அல்லது 15 நொடி ஊதியிருக்க வேண்டும். தேறிய ஊதல்களில் முதல் இரண்டு பெரிய எஃப்விசிக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது; எஃப்இவி1-க்கும் அப்படித்தான். எட்டுத் தடவைக்குள் வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட்டு வேறு நாள் கூப்பிடணும். இவை 2019-இல் வந்த அமெரிக்க–ஐரோப்பியக் கூட்டு விதிமுறை. நல்ல மெஷின்கள் ஒவ்வொருவருக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரமும் போடும். ‘டி’, ‘இ’, ‘எஃப்’ வந்த தாளை வைத்து யாரையும் நோயாளி ஆக்காதீர்கள், ஆரோக்கியமானவர் என்றும் சொல்லாதீர்கள்.

மெஷின் வாங்கினால், அதோடு 3 லிட்டர் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்க்கும்) சிரிஞ்சும் வாங்கணும். அது இல்லாமல் மெஷின் மட்டும் வாங்குவது வீண். டெஸ்ட் எடுக்கும் ஒவ்வொரு நாளும் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என மூன்று வேகத்தில் அடித்துப் பார்க்கணும், 2.91-க்கும் 3.09-க்கும் இடையில் வரவேண்டும். பாக்டீரியா ஃபில்டர் போட்டு டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் கேலிப்ரேஷனும் ஃபில்டரோடுதான். சிரிஞ்சும் மெஷினும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருக்கணும். ஏசி ஆபீஸ் அலமாரியில் சிரிஞ்சு, 38 டிகிரி ஷெட்டில் மெஷின் என்று வைத்தால் எண் தள்ளிப்போகும்.

கேம்ப்களில் அடிக்கடி நடக்கிற ஒன்று: டேபிள் ஃபேன் காற்று சென்சாரில் படுவது. மெஷின் ‘ஜீரோ’ பிடிக்கிற நேரத்தில் காற்று அடித்தால், ஆள் ஊதி முடித்த பிறகும் கோடு ஏறிக்கொண்டே போகும், எஃப்விசி பொய்யாகக் கூடும். ‘ஜீரோ’ பிடிக்கும்போது ஃபேனை நிறுத்தி, குழாயை அசையாமல் மூடிப் பிடிக்கணும். அதே மாதிரி ஆள் சொல்கிற உயரத்தை எழுதிக்கொள்வது, டைட் பெல்ட்டைத் தளர்த்தாமல் விடுவது, வாயில் பாக்கு இருக்கும்போதே ஊதச் சொல்வது. எல்லாமே எண்ணைக் கெடுக்கும்.

சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர், கண் அல்லது வயிற்று ஆபரேஷன் ஆனவர், ரத்தம் கலந்த சளி வருபவர் யாரையும் அன்றைக்கு ஊதவிடாதீர்கள். டிபி சந்தேகம் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை.

தொழிலக_மருத்துவம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் கேள்வியில் அவசரமானது அந்த 23 பேர் இல்லை, ‘நார்மல்’ வந்த இரண்டு பெயிண்டர்கள்தான்.

டூ-கே பியூவில் ஹார்டனர் என்பது ஐசோசயனேட். டப்பாவோடு வரும் எஸ்டிஎஸ் (கெமிக்கல் பாதுகாப்பு விவரம்) தாளை எடுங்கள். மூன்றாம் பகுதியில் 822-06-0 அல்லது 28182-81-2 என்ற எண் இருந்தால் அது எச்டிஐ வகை. 101-68-8 என்றால் எம்டிஐ. 584-84-9 அல்லது 26471-62-5 என்றால் டிடிஐ. இரண்டாம் பகுதியில் ‘எச்334’ என்று இருந்தால், சுவாசித்தால் ஆஸ்துமா உண்டாக்கக்கூடிய பொருள் என்று அர்த்தம். யூனிட்டில் உள்ள எல்லா எஸ்டிஎஸ்ஸையும் எடுத்து இந்த ஒரு குறியீட்டை மட்டும் தேடுங்கள். பசை மேஜையிலும் சிக்கலாம். யாரை நெருக்கமாகக் கண்காணிக்கணும் என்ற பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.

ஐசோசயனேட் ஆஸ்துமாவில் ஏமாற்றுவது நேரம்தான். மூச்சுக்குழல் சுருங்குவது பல சமயம் பூத்தை விட்டு வந்து நாலு, எட்டு மணி நேரம் கழித்து. பகல் ஷிஃப்டில் அடித்தவருக்கு இரவு 10 மணிக்கு மேல் இருமல் பிடிக்கும். அவர் வீட்டுத் தூசி, பனி, ஃபேன் காற்று என்று நினைப்பார். காலை 10 மணிக்கு கேம்ப் வேனில் ஊதும்போது எல்லாம் தெளிந்திருக்கும். அதனால்தான் ‘நார்மல்’. ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்து எஃப்இவி1 10 சதவீதம் குறைந்தால் அது நல்ல தடயம். ஆனால் குறையவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது.

மெஷினைவிட முதலில் காட்டிக்கொடுப்பது கேள்விகள். கடைசியாகக் கேட்டதிலிருந்து இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம் உண்டா? ராத்திரி எழுப்புகிறதா? லீவு நாளில் குறைகிறதா? வாரக் கடைசியில் கூடுகிறதா? மூக்கு ஒழுகல், கண் எரிச்சல் இதற்கு முன்பே ஆரம்பித்ததா? இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அடித்துக்கொள்ளுங்கள். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியில் ஒரு பக்கம். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. பூத்துக்குள் போகும் முன் ஒருமுறை, வேலை தொடங்கி 6 வாரத்தில், 12 வாரத்தில், பிறகு முதல் இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை. ஆரம்பத்தில் நெருக்கி வைப்பதற்குக் காரணம், ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வருகிறது. அதற்காகப் பழைய ஆள் தப்பித்தார் என்று இல்லை.

பழைய வேலையையும் கேட்டு எழுதுங்கள். மதுரைப் பக்கத்தில் பஞ்சாலையில் இருந்து வந்தவர் நிறையப் பேர். பஞ்சுத் தூசி நோயில் வார லீவு முடிந்து வரும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கும், பிறகு தணியும். ஐசோசயனேட்டில் வாரம் போகப் போகக் கூடும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுத்தவர் என்றால் சிலிக்கா (கல் தூசி), அவருக்கு எக்ஸ்-ரேயை உற்றுப் பார்க்கணும்.

கேள்வியில் ஒரு ‘ஆமாம்’ வந்தாலே அடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் உச்ச வேகத்தை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் சின்னக் கருவி). சில நூறு ரூபாய் சாமான்; ஆளுக்கு ஒன்று கொடுங்கள், கடைசி வரை அதே மீட்டர். எழுந்தவுடன், வேலைக்கு முன், வேலை நடுவில், வேலை முடிந்து, படுக்கும் முன். ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை ஊதி, மூன்றையும் எழுதணும், பெரியதுதான் கணக்கு. பெரிய இரண்டுக்கும் இடையே 20 லிட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப ஊதணும். பக்கத்திலேயே அன்றைக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம் பூத், இன்ஹேலர் எடுத்தாரா என்ற குறிப்பு. ஒரே நாளில் மேலே 480, கீழே 370 என்றால் 110 வித்தியாசம், மேல் அளவில் 23 சதவீதம். வேலை நாட்களில் 20 சதவீதத்தைத் தாண்டி, லீவில் அடங்கினால் சந்தேகம் வலுக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். நம் யூனிட்களில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. நோய் கொஞ்சம் முற்றியவருக்கு ஒரு நாளில் நுரையீரல் தேறாது. சார்ட் முழுக்க ஒரே மாதிரி தாழ்ந்து கிடக்கும், ‘வேலையோடு சம்பந்தமில்லை’ என்று தப்பாக முடிவெடுப்பார்கள். பொங்கல், சித்திரைத் திருவிழா மாதிரி தொடர் லீவுக்கு இரண்டு வாரம் முன்பே சார்ட்டை ஆரம்பித்து, லீவு முழுக்க எழுதி, திரும்பி வந்து இன்னும் இரண்டு வாரம் எழுதினால் படம் தெளிவாக வரும். லீவு வரவில்லை என்றால் சம்பளத்தோடு பத்து நாள் வேறு பகுதியில் போடுங்கள். எழுத எழுத எண்கள் எல்லாம் 400, 400, 400 என்று உருண்டையாக வந்தால் அது ஊதி எழுதியது இல்லை, உட்கார்ந்து எழுதியது.

இளைப்பு கடுமையாக இருப்பவரைச் சார்ட்டுக்காகத் திரும்பப் பூத்துக்குள் அனுப்பாதீர்கள். அன்றே வெளியே எடுத்துவிட்டு, ராஜாஜி அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ தோப்பூர் அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ காட்டுங்கள். ஈஎஸ்ஐ உள்ளவர் ஈஎஸ்ஐ வழியாகப் போவது நல்லது, பின்னால் இழப்பீட்டுக்குப் பதிவு இருக்கும். கையில் எஸ்டிஎஸ் நகலைக் கொடுத்தனுப்புங்கள். ‘பெயிண்ட் கம்பெனியில் வேலை’ என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு எதுவும் புரியாது. ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்பொருள்) பார்த்து நெகட்டிவ் என்றால் ஐசோசயனேட் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

ஒருதடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு மிகச் சின்ன அளவே போதும் தாக்குதல் வர. அவருக்கு ‘நல்ல மாஸ்க்’ தீர்வே இல்லை. அறிகுறி தொடங்கிய சில மாதங்களுக்குள் வெளியே எடுத்தவர்கள் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். இன்ஹேலரை அடித்துக்கொண்டே அதே பூத்தில் நின்றவர்களுக்கு வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடுகிறது. ஓனரிடம் ஒன்று மட்டும் பேசி வாங்குங்கள்: இடம் மாற்றினால் சம்பளம் குறையாது என்ற உறுதி. அது இல்லாத இடத்தில் கேள்வித் தாளில் எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் என்ன மெஷின் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

பூத்_ஃபிட்டர்:

அண்ணே, டாக்டர் சொன்னதோட பூத்தையும் பாருங்க. ஆளைச் செக் பண்ணிட்டு பூத்தை அப்படியே விட்டா அடுத்த ஆளுக்கும் அதேதான்.

பெயிண்டர் ட்ரிக்கரை விட்டவுடனே ஃபினிஷ் எப்படி இருக்குன்னு பார்க்க வைஸரை (முகத்தை மூடுற கண்ணாடி) தூக்குவார். அந்த நேரத்துல மிஸ்ட் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பூத் முழுக்க நிக்குது. எத்தனை நிமிஷத்துல காலியாகுதுன்னு அளந்து கதவுல எழுதணும். அளக்குறது சுலபம்: கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடுற புகை மெஷினை எடுத்துட்டு வாங்க (தண்ணி–கிளைக்கால் புகை, டிரை ஐஸ் இல்ல). ஃபேனை ஆஃப் பண்ணி பூத்தை நிரப்புங்க, ஃபேனை ஆன் பண்ணி டார்ச் அடிச்சு, மூலையிலயும் புகை சுத்தமா போற வரைக்கும் ஸ்டாப்வாட்ச். நல்ல பூத்துன்னா அஞ்சு நிமிஷத்துக்குள்ள. அதுவரைக்கும் வைஸர் இறங்கியே இருக்கணும், ஃபேன் ஓடணும், வேற யாரும் உள்ள வரக்கூடாது. அதே நேரத்துல வெளியே நின்னு பாருங்க. கதவு இடுக்குல புகை வந்தா பக்கத்து பேக்கிங் மேஜைக்கும் போகுதுன்னு அர்த்தம்.

மாஸ்க் விஷயம்: கர்ச்சீப், துணி மாஸ்க் கணக்குலயே இல்ல. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்ல பிரச்சனை என்னன்னா, கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனா வாசனை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ஐசோசயனேட் மணக்குற அளவுக்கு வந்தா வரம்பைத் தாண்டிப் பல மடங்கு போயாச்சு. ஏர்-லைன் ஹூட்தான் சரி. ஹூட்டுக்கு நிமிஷத்துக்கு 170 லிட்டராவது வரணும், ஹோஸோட கடைசி முனையில அளந்து. கம்ப்ரஸர் காத்து இழுக்குற வாய் ஜெனரேட்டர் புகைக்குழாய் பக்கத்துல இருந்தா கார்பன் மோனாக்சைடை நேரா மூக்குக்குக் குடுக்குற மாதிரி, முதல்ல அதை மாத்துங்க.

கன் கழுவுறப்போ திறந்த வெளியில தின்னரை ஸ்பிரே பண்ணி விடுவாங்க, அதுவும் மிஸ்ட்தான். தின்னர்ல கை கழுவுறதையும் நிறுத்துங்க. ஹார்டனர் தோல் வழியா போனாலும் ஒவ்வாமையைக் கிளப்பும்னு சொல்றாங்க. நைட்ரைல் கிளவுஸ் போடச் சொல்லுங்க.

கப்பலூர்_சேஃப்டி:

ரொம்ப நன்றி. இரண்டு பேரையும் இன்றைக்கே பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். கண்காணிப்பு அந்த 6 பேருக்கு மட்டும் போதுமா? மில், பிளாஸ்டிங் ஆட்களுக்கு என்ன? வருஷா வருஷம் எஃப்இவி1 எவ்வளவு குறைந்தால் கவலைப்படணும்?

தொழிலக_மருத்துவம்:

6 பேர் போதாது. ஹார்டனர் கலக்கும் ஹெல்ப்பர், பூத் ஃபில்டர் மாற்றும் மெயின்டனன்ஸ் ஆள், ஈரம் காயாத பாகத்தை உலர்த்தும் ஓவனில் ஏற்றுபவர் இவர்களையும் சேருங்கள். ஃபில்டர் மாற்றுகிறவர்தான் எப்போதும் பட்டியலில் விட்டுப்போகிறவர்.

பிளாஸ்டிங்கில் ஸ்டீல் கிரிட்டா, மணலா என்பதுதான் கேள்வி. மணல் என்றால் கண்காணிப்பு பற்றிப் பேசுவதற்கு முன் மணலை நிறுத்துங்கள். சிலிக்கோசிஸில் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) ஆரம்பத்தில் ஸ்பைரோமெட்ரி நார்மலாகவே இருக்கலாம். அங்கே எக்ஸ்-ரேதான் முக்கியம், அதையும் ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) முறைப்படி படிக்கத் தெரிந்தவர் படிக்கணும். சிலிக்கா பட்ட நுரையீரலில் டிபி சுலபமாகப் பிடிக்கும், ஆகவே இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். பெயிண்டர்களுக்கு இது தலைகீழ்: ஆஸ்துமாவை எக்ஸ்-ரே காட்டாது. மில்லில் கார்பன் பிளாக், கெமிக்கல் எடை போடும் இடத்தில் தூசி உறிஞ்சி இருக்கிறதா என்று பாருங்கள்; அவர்களுக்குக் கேள்வித் தாளும் வருஷத்துக்கு ஒரு ஸ்பைரோமெட்ரியும் போதும்.

எஃப்இவி1: ஆரோக்கியமானவருக்கும் வயதால் வருஷத்துக்குச் சுமார் 30 மில்லி குறையும். அதைக் கழித்துவிட்டு, முதல் அளவிலிருந்து 15 சதவீதம் இறங்கினால் நிச்சயம் ஆராயணும். சேரும்போது 3.20 லிட்டர் என்றால், ஐந்து வருஷத்தில் வயதுக்கான 0.15 போக 3.05, அதில் 85 சதவீதம் 2.59. அதற்குக் கீழே வந்தால் மணி அடிக்கணும். டெஸ்ட் தரம் நன்றாக இருக்கும் இடத்தில் 10 சதவீதத்திலேயே, அதாவது 2.75-க்குக் கீழேயே கூப்பிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 2.55 லிட்டர் ஊதுபவருக்கு மெஷின் ‘நார்மல்’ என்றே அச்சடிக்கலாம், ஏனென்றால் அது ஊரோடு ஒப்பிடுகிறது, அவருடைய பழைய அளவோடு இல்லை. முதல் அளவு மோசமாக எடுத்திருந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் போய்விடும். எனவே இந்த வருஷக் கேம்ப் தாளை அடிப்படையாக வைக்காமல் எல்லாருக்கும் புதிதாக எடுங்கள்.

ரூல்புக்:

சட்டம் பற்றியும் சுருக்கமாக. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ‘ஐசோசயனேட் நச்சு’ அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. பிரிவு 89-இன்படி நிர்வாகமும் தெரிவிக்க வேண்டியிருந்தது, பார்த்த டாக்டரும் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் டிடிஐக்கு 8 மணி நேரச் சராசரி வரம்பு 0.005 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) என்று இருந்தது. அபாயகரச் செயல்முறை என்று வந்தால் பிரிவு 41-சி: வேலையில் போடும் முன்பும், இருக்கும்போதும், விட்ட பிறகும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை, பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கக் கேட்டால் காட்டணும் என்று இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது, ஆகவே இப்போதைய விதி, படிவம், பதிவேட்டு வடிவத்தை மதுரையில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காண்ட்ராக்ட் ஆள் என்பதால் பதிவேட்டில் எழுதவில்லை என்ற பதில் செல்லாது. வருஷம் பாதியில் காண்ட்ராக்டர் மாறினால் ஆளின் பழைய ஸ்பைரோமெட்ரி தாள் அவரோடு போய்விடும். அசல் உங்களிடம், நகல் அவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது ‘இந்த வேலைக்குத் தகுதி / தகுதியில்லை / நிபந்தனையோடு’ என்ற ஒரு வரி மட்டும். நோய் விவரம் ஹெச்ஆர் ஃபைலில் இருக்கக் கூடாது, டாக்டரிடம் பூட்டில் இருக்கணும்.

ஸ்பைரோ_டெக்:

அடுத்த கேம்ப் ஆர்டருக்கு ஒரு வரி: ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். பெயிண்ட், பிளாஸ்டிங் ஆட்களை முதல் நாளே எடுத்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு யாரையும் ஊதவிட வேண்டாம், பீடி சிகரெட் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்கணும். கேலிப்ரேஷன் பிரிண்ட் அவுட் அன்றைய தேதியோடு இல்லாவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.